கன்னிமார் கல்லில் வைத்த சிவப்புக் குறி

போன வாரம் திவ்யா போன் செய்தாள். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிறவள் அவள்தான். கல் குவாரிகளுக்கு மழைநீர் வாய்க்கால் வடிவமைப்பது அவளுடைய வேலை. பத்து வருடம் அது என் வேலையாக இருந்தது.

“அக்கா, இப்பல்லாம் ட்ரோன் பறக்க வுட்டு அரை நாள்ல மலை மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல கொண்டாந்துடறோம். மேடம் இன்னும் லெவல் புக்கைக் கொண்டா, கடைசிப் பக்கத்தைக் காட்டுன்னு கேட்டுகினே இருக்காங்க. எதுக்குக்கா அது?”

இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. பெரியவள் எல்.கே.ஜி. போகமாட்டேன் என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டாள். “கேட்டதைக் காட்டிடு திவ்யா” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று பிறகுதான் உறைத்தது. அன்றைக்குப் பகல் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டவள் பணிக்கால அனுபவம் எழுத உட்காருவது கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் ஓய்வு பெற்றுக்கொண்டேன். ‘பெற்றுக்கொண்டேன்’ என்பது சரியான சொல்தானா என்று தெரியவில்லை.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். படித்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கான்கிரீட் கனசதுரங்களை உடைத்தோம், பரீட்சை எழுதினோம். பிறகு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். எஸ்தர் மேடம் தன் அலுவலகத்துக்கு வரைபடம் வரைய ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, “மலை ஏறுவியா?” என்பதுதான். ஆடிக் கிருத்திகைக்கு வருடம் தவறாமல் படி ஏறுவேன் என்றேன். “படி இருந்தா எல்லாரும் ஏறுவாங்க. இது படி இல்லாத மலை” என்றார். மறுநாளே வேலையில் சேர்ந்தேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குவாரி என்பது மலையடிவாரத்தில் வெட்டிய பெரிய பள்ளம். மழை பெய்தால் மலைமேல் விழும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். உள்ளே வேலை நின்றுபோகும். தேங்கியதை இறைத்து வெளியே விட்டால் கல்தூள் கலந்து பால்போல ஓடி, கீழே இருப்பவர்களுடைய வயலில் படியும். அதனால் தண்ணீர் பள்ளத்துக்கு வருவதற்கு முன்பே, மேல்பக்கமாக மலையைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி அதைப் பிடித்துவிட வேண்டும். பிடித்ததை ஒரு தொட்டியில் தேக்கி, வண்டலைப் படியவிட்டு, அது வழக்கமாகப் போய்ச் சேரும் ஓடையிலேயே சேர்த்துவிட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் அந்த வாய்க்காலுக்கு நாங்கள் கொடுக்கும் சரிவு நானூறு அடி தூரத்துக்கு ஓர் அடி. அதைக் கண்ணால் பார்த்துச் சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. மட்டக் கருவியை மூன்று காலில் நிறுத்தி, எதிரே ஒருவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு புள்ளியாகப் படித்து லெவல் புத்தகத்தில் எழுதினால்தான் தெரியும்.

எங்களுக்கு அளவுகோல் பிடித்தவர் எத்திராஜ் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். வெயிலில் நகராமல் நிற்கத் தெரிந்தவர். நிற்கும்போது மட்டும் பேச மாட்டார்; மற்ற நேரமெல்லாம் பேசுவார்.

எஸ்தர் மேடத்தின் வழக்கங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, காகிதத்தில் கோடு போடுவதற்கு முன் கோடைகாலத்தில் மலையில் நடக்க வேண்டும். முட்செடியில் எந்த உயரத்தில் சருகும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கிறது, மண் எங்கே அரித்து வேர் வெளியே தெரிகிறது, இதையெல்லாம் குறித்துக்கொண்டு வர வேண்டும். கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு குவாரிக்கு நான் முதன்முதலில் தனியாக வரைந்த வாய்க்கால், கணக்குப்படி மிக அழகாக இருந்தது. மேடம் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “தண்ணிய எடுத்து ரோட்டோரக் கால்வாய்ல வுட்டுட்ட. அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்குதே, அது எதைக் குடிக்கும்?” என்றார். மீண்டும் நடந்தேன். ஏரிக்குப் போகும் பழைய வரத்துக் கால்வாய் கருவேலமரங்களுக்குள் இருந்தது. வாய்க்காலை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த வருடம் ஏரி நிரம்பியதா என்று மூன்று முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நிரம்பியது. அதன்பிறகும் ஒருமுறை போனேன்.

இரண்டாவது வழக்கம்தான் திவ்யா கேட்டது. மட்டம் எடுக்கும்போது, உயரம் உறுதியாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஆரம்பிப்போம். எல்லாம் எடுத்து முடித்தபின், உயரம் உறுதியாகத் தெரிந்த ஒரு புள்ளியிலேயே போய் முடிக்க வேண்டும். கணக்கில் வரும் உயரமும் உண்மையான உயரமும் ஒத்துப்போனால் நடுவில் எடுத்தவை எல்லாம் சரி. இதை ‘மூடுவது’ என்போம். மேடம் எந்த லெவல் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். மூடிய கணக்கு அங்கே இல்லையென்றால் முன்பக்கங்களைப் பார்க்கவே மாட்டார். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடிப்பார். சூடாக அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

என்னை அவர் அதிகம் சோதித்ததில்லை. நான் எதையும் இரண்டு முறை பார்ப்பவள் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். “ஜெயந்தி மூடுன கணக்கை நான் எதுக்குத் தொறக்கணும்?” என்பார் மேடம்.

இனி அந்தக் குவாரி.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் ஒரு குன்று. அதன் அடியில் பள்ளம். வாய்க்கால் பள்ளத்தின் மேல்பக்கமாகச் சுற்றி, கிழக்கே இறங்கி, ஓரிடத்தில் வளைந்து ஓடைக்குப் போக வேண்டும். அந்த வளைவில்தான் எனக்கு எப்போதும் பயம். இடக்கரைக்கு அந்தப் பக்கம் குவாரிப் பள்ளம். வலக்கரைக்குக் கீழே பதினொரு வீடுகள். வளைவில் வாய்க்கால் பொங்கினால் தண்ணீர் நேராக அந்த வீடுகளுக்குள்தான் இறங்கும். முதல் வீடு சரோஜாவுடையது. அவருடைய கணவர் ஏழுமலை அதே குவாரியில் பாறை துளைக்கிறவர். வேலை இல்லாத நாட்களில் கொத்தனார்.

முதல்நாளே சரோஜா என்னைக் கேட்டார். “ஏம்மா, இத்தினி வருசமா தண்ணி பள்ளத்துல வுழுந்துகினு இருந்துச்சு. நீ அதத் தூக்கி எங்க தலைக்கு மேல கொண்டாற. ஒடைஞ்சா?”

“உடையாதுங்கக்கா. அரை அடி கூடுதல் ஆழம் வெச்சிருக்கோம்.”

“நீ வெச்சிருக்க. வெட்றவன் வெப்பானா?”

ஆனி மாதத்தில் வாய்க்காலின் மேல்பாதிக்கு மட்டம் எடுத்தோம். உறுதியான புள்ளி குவாரி வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையின் சிமெண்ட் மூலை. அது வளைவிலிருந்து வெகுதூரம். ஒன்பது முறை கருவியை மாற்றி நிறுத்தினால்தான் போய்ச் சேர முடியும். அதனால் அங்கிருந்து உயரத்தைக் கொண்டுவந்து, வளைவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியில் குறித்துவைத்தோம். அங்கே ஒரு வேப்பமரம், அதன்கீழ் மஞ்சள் பூசிய ஏழு கன்னிமார் கற்கள், எதிரில் விளக்கு வைக்கும் தட்டையான கல் ஒன்று. தரையோடு அழுந்தி அசையாமல் இருந்தது. எத்திராஜ் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, அந்தக் கல்லின் நடுவில் சிவப்புப் பெயிண்டால் சின்னதாகப் பொட்டுப்போல் ஒரு குறி வைத்தார். அதன் உயரத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

கீழ்ப்பாதிக்கு ஆவணியில் போனோம். சிவப்புக் குறியில் அளவுகோலை வைத்து ஆரம்பித்தோம். கற்களைச் சுற்றிப் புதிதாகச் சிமெண்ட் பூசி மஞ்சளும் வெள்ளையும் அடித்திருப்பதைப் பார்த்தேன். சுற்றிலும் மண் அணைத்திருந்ததால் தட்டைக் கல் முன்போலவே தரையோடு படிந்திருப்பதாகத் தெரிந்தது. ஆடித் திருவிழாவுக்குச் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஓடைவரை எடுத்து முடித்தபோது மாலை மூன்று மணி. எடை மேடைக்குப் போய் மூட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அத்தை போன் செய்தார். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

“ஜெயந்தி, பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குதுமா. பால் குடிக்க மாட்டேங்குது. கண்ணு வேற சொருவுது. நீ எங்க இருக்கற?”

எத்திராஜ் அண்ணனே கருவியை மடக்கினார். “நீ கெளம்பும்மா. நாளைக்கி வந்து மூடிக்கலாம். கல்லு எங்க போவப் போவுது?”

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேடம் அழைத்தார். தோளில் குழந்தை வீறிட்டு அழுதது.

“முடிஞ்சிச்சா? மூடிட்டியாம்மா?”

“ஆங் மேடம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், குழந்தை என்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு மலை வேலை சரிவராது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்திருக்கலாம். அவர் அப்படி நினைக்கிற ஆளே இல்லை. நாளைக் காலையில் போய் மூடிவிட்டால் அந்த ‘ஆங்’ உண்மையாகிவிடும் என்றும் நினைத்தேன். மறுநாள் குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தோம். வேலைக்குத் திரும்பியதும் குவாரியிலிருந்து அவசரப்படுத்தினார்கள், நான் வரைந்தேன். மேடம் கடைசிப் பக்கத்தைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். வாயால் என்ன சொன்னாலும், என் புத்தகத்தைக்கூடத் திறக்காமல் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே வரைபடம் அதுதான்.

அதன்பிறகு தினமும் போய் மூடிவிட்டு வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் எனக்குத் தினமும் பலதும் தோன்றும். பூட்டை இழுத்துப் பார்த்தேனா, பால் பாட்டிலைக் கொதிக்கவைத்தேனா, மருந்து இரண்டரை மில்லியா மூன்றரையா. என் கணவர் சிரித்துச் சிரித்து, என் சந்தேகங்களை நானே நம்புவதை விட்டிருந்தேன். இதுவும் அந்த வியாதிதான் என்று தள்ளிவைத்தேன். வாய்க்காலை வெட்டி முடித்தார்கள்.

ஐப்பசி பிறந்து முதல் வாரத்தில், வாய்க்காலை வெட்டிய பொக்லைன் டிரைவரைக் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் பார்த்தேன். வேலை எப்படி வந்தது என்று சும்மாதான் கேட்டேன்.

“சூப்பரா வந்துச்சு மேடம். மேலேர்ந்து ஒரு பக்கம், ஓடையிலேர்ந்து ஒரு பக்கம்னு வெட்டிகினு வந்தேன். வளைவுல ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு திட்டு வந்துச்சு. மொழங்கால்ல பாதி இருக்கும். அப்படியே வுட்டா அசிங்கமா இருக்குமேன்னு நைசா சரிவு குடுத்து மெழுகி வுட்டுட்டேன்.”

கையிலிருந்த டீயை வைத்துவிட்டேன். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் சேர வேண்டிய இடம் அது. அங்கே திட்டு வரக்கூடாது.

மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், எத்திராஜ் அண்ணனை மட்டும் அழைத்துக்கொண்டு போனேன். வானம் கருத்திருந்தது. எடை மேடையிலிருந்து தொடங்கி, ஒன்பது முறை கருவியை மாற்றி, கன்னிமார் கல்லுக்கு வந்தோம். சிவப்புக் குறியின் மேல் அளவுகோல். படித்தேன், கழித்தேன், இன்னொரு முறை கழித்தேன். கல் முப்பத்தொரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது.

வேலியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சரோஜாவைக் கூப்பிட்டேன். “அக்கா, இந்தக் கல்லை யாராவது எடுத்தாங்களா?”

“ஆங், ஆடியிலதான் எங்கூட்டுக்காரரு மேடை கட்னாரு. மழைக்குக் கன்னிமாரு சேத்துல நிக்கிறாங்கன்னு ஏழு பேரையும் தூக்கி மேல வெச்சோம்.”

“இந்தத் தட்டைக் கல்லு?”

“புதுக் கல்லு போடலாம்னுதான் இருந்தோம். பாத்தா, அதுல யாரோ குங்குமம் வெச்சிகீறாங்க. எத்தினி தொடைச்சும் போவல. அம்மாவே கேட்டு வாங்கிகினது அது, அத எப்படித் தூக்கிப் போடறதுன்னு அதையே எடுத்து மேல வெச்சிட்டோம்.”

எத்திராஜ் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். “அடப்பாவமே, அது நான் வெச்ச பெயிண்டும்மா!”

குறியின் உயரம் கூடியது எனக்குத் தெரியாது. பழைய உயரத்தையே வைத்துக் கீழ்ப்பாதியைக் கணக்கிட்டேன். அதனால் வளைவிலிருந்து ஓடைவரை வாய்க்காலின் அடி முழுவதும் இருக்க வேண்டியதைவிட ஓர் அடி மேலே வெட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் வளைவுக்கு வந்ததும் முட்டி நிற்கும். நின்று, ஏறி, வலக்கரை வழியாகச் சரோஜா வீட்டுக்குள் இறங்கும். அன்று எடை மேடைவரை நடந்து மூடியிருந்தால், அதே முப்பத்தொரு சென்டிமீட்டர் அன்றைக்கே என் கையில் கிடைத்திருக்கும்.

முதல் துளிகள் விழத் தொடங்கின. மேடத்துக்குப் போன் செய்தேன்.

“மேடம், அன்னைக்கு நான் மூடல. மூடிட்டேன்னு பொய் சொன்னேன்.” மீதியையும் சொன்னேன்.

“ஆளுங்க எங்க இருக்காங்க?” என்றார்.

“எந்த ஆளுங்க மேடம்?”

“பள்ளத்துல எத்தினி பேரு, வீட்ல எத்தினி பேரு. மொதல்ல அதச் சொல்லு. அப்பறம் அழுவலாம். ரெண்டு பக்கத்தையும் காலி பண்ண சொல்லு. நான் வந்துகினே இருக்கேன்.”

அவர் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குவாரி மேனேஜர் சங்கு ஊதி ஆட்களையும் பொக்லைனையும் மேலே ஏற்றினார். பதினொரு வீட்டிலும் கதவைத் தட்டினோம். சரோஜா ஆடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு, டிவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். வளைவில் தண்ணீர் நின்று ஏறுவது கண்ணெதிரே தெரிந்தது. நான் கரையில் ஒரு குச்சியை நட்டுவைத்தேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குச்சி குட்டையாகிக்கொண்டே வந்தது.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. கீழ்ப்பாதியை ஆழப்படுத்த இரண்டு நாள் ஆகும். வளைவில் இடக்கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் விழும், வீடுகள் தப்பும். எந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று இத்தனை மாதம் வேலை செய்தோமோ, அதே பள்ளம்.

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா, உள்ள கம்ப்ரஸர் இருக்குது, மோட்டார் இருக்குது. மொதலாளிய கேக்காம நான் எப்படி வெட்டுவேன்? அவரு திருமலையில தரிசன க்யூவுல இருக்காரு. போனை வெளிய குடுத்துட்டுத்தானே உள்ள போவணும்? எத்தினி தபா அடிச்சாலும் ஆஃபுன்னு வருது.”

அப்போது மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மழைக்கோட்டுக்குள்ளும் தொப்பலாக நனைந்திருந்தார். என்னைப் பார்த்து, “எவ்ளோ?” என்றார்.

“முப்பத்தொண்ணு மேடம்.”

அவ்வளவுதான் கேட்டார். வெளி ஆட்கள் முன்னால் அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அன்றும் திட்டவில்லை. என் கையிலிருந்த லெவல் புத்தகத்தை வாங்கி, மழைக்கோட்டுக்குள் வைத்து, பென்சிலால் எழுதினார்: ‘வளைவில் இடக்கரையை வெட்டச் சொன்னது நான்.’ கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் நீட்டினார். “மொதலாளி கேட்டா இதக் காட்டு. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு.” மேனேஜர் வாங்கத் தயங்கினார். நான் புத்தகத்தை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.

பள்ளத்திலிருந்து ஏறிவந்த ஆட்களோடு ஏழுமலையும் நின்றிருந்தார். கீழே அவர் துளைத்துக்கொண்டிருந்த பாறை. மேட்டில் அவர் மனைவி, நனைந்த டிவியோடு. அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு பொக்லைன் டிரைவரிடம், “இன்னாடா பாத்துகினு நிக்கிற? வெட்டுடா” என்றார்.

பொக்லைன் இரண்டு வாய் மண் எடுத்தது. மூன்றாவது வாய்க்கு வேலை இல்லை. தண்ணீரே கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. அதற்குள் வலக்கரைக்கு மேலாகவும் கொஞ்சம் வழிந்திருந்தது. சரோஜா வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆட்டுக் கொட்டகையின் மண்சுவர் ஒன்று விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேடம் நான்கு நாள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அந்த லெவல் புத்தகத்தின் காலியான கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்து, “எழுது” என்றார். அன்று மூடாமல் போனதையும், மூடியதாகச் சொன்னதையும், மூடியபோது வந்த வித்தியாசத்தையும் எழுதினேன். அதன்கீழ் அவர், ‘இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டது நான்’ என்று எழுதி, தேதி போட்டார். முதலாளிக்குப் போன அறிக்கையிலும் அதே வரிகள்தான் இருந்தன. கனமழை என்று ஒரு சொல் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போடவில்லை. “புள்ளைக்கு ஜொரம்னு சொல்லியிருந்தா நான் போய் மூடியிருப்பேனே” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

கீழ்ப்பாதியை முறையாக ஆழப்படுத்தி, கரையை அடைத்தார்கள். ஆனால் பள்ளத்தில் நின்ற தண்ணீரை உடனே இறைத்துவிட முடியாது. தெளிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடலாம். குவாரி மூடிக் கிடந்தது. ஏழுமலைக்கும் மற்றவர்களுக்கும் வேலை இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் எத்திராஜ் அண்ணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். “கன்னிமாரை உத்தரவு கேக்காம தூக்கி வெச்சதாலதான் தண்ணி வந்துச்சாம், வேலையும் போச்சாம். ஊர்ல எல்லாரும் ஏழுமலையத்தான் சொல்றாங்க. வர வெள்ளிக்கிழம மேடைய ஒடச்சிக் கல்ல பழையபடி எறக்கப் போறாங்களாம்.”

கல்லைத் தூக்கியதால்தான் தண்ணீர் வந்தது என்பது ஒரு விதத்தில் உண்மைதான். அதுதான் என்னை உட்காரவிடவில்லை. தவறு யாருடையது என்று மேடத்துக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். அந்தப் பதினொரு வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் இருபது பேர் இருந்தார்கள். மரத்தில் ஒரு கடப்பாரையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஏழுமலை தள்ளி, தன் வீட்டு வேலியோரம் குந்தியிருந்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. “அந்தத் தண்ணி என்னாலதான் வந்துச்சுங்க” என்றேன். பிறகு சொன்னேன். சிவப்புக் குறி நாங்கள் வைத்தது. கல் ஏறியதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் போனேன், செய்ததாகப் பொய்யும் சொன்னேன். மேடையில் ஒரு குற்றமும் இல்லை.

கடப்பாரை கொண்டுவந்த பக்கத்து வீட்டு ரமணி, “அப்ப கன்னிமாருக்குக் கோவம் இல்லியா?” என்றார்.

“அது எனக்குத் தெரியாதுங்க. வாய்க்கால்ல தப்பு என்னுது.”

“எதுக்கு வுட்டுட்டுப் போன?” என்று கேட்டார் சரோஜா.

“இவளுக்கு ஜுரம்.”

சரோஜா என் மகளைப் பார்த்தார். “புள்ளைக்கி ஒடம்பு சரியில்லன்னா போவத்தான் போவ. அத யாரு வேணாம்னாங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, கல்ல எடுத்தோம்னு நானே சொல்லியிருப்பேன்.” பிறகு குரல் ஏறியது. “ஒரு மாசமா இந்த மனுசன் வூட்ட வுட்டு வெளிய வரல, தெரியுமா? வூடு நின்னுச்சேன்னு உன்னக் கும்புடறதா, இதுக்குத் திட்றதா, எனக்கே தெரியல போ.”

“திட்டுங்கக்கா” என்றேன்.

ஏழுமலை எழுந்து வந்தார். மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “எவ்ளோம்மா ஏறியிருக்குதுன்னு சொன்ன?”

“முப்பத்தொரு சென்டிமீட்டர்ண்ணா.”

“அடிக்கணக்குல சொல்லு.”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னொரு முறையும் போட்டேன். “ஒரு அடி, ரெண்டு நூல். அடிக்கு மேல கால் இஞ்ச்.”

அவர் குனிந்து, கல்லுக்கு அடியில் இருந்த சிமெண்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். “ஒரு அடின்னு அளந்துதான் போட்டேன்” என்றார். “அந்த ரெண்டு நூலு, கல்லு ஒக்கார நான் வெச்ச சாந்து.” நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார்.

“ரமணி, கடப்பாரைய எடுத்துகினு வூட்டுக்குப் போ.”